ஓ வகை ரத்தத்தில் ஒன்றுமே இல்லையா? சிவப்பணுவின் மேல் ரத்த வகை உருவாகும் விதம்

கோத்தகிரியில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: "பள்ளியில் ரத்த வகை பார்த்தார்கள். எனக்கு ஓ பாசிட்டிவ். ஓ என்றால் செல்லின் மேல் ஒன்றுமே இல்லை என்று சொன்னார்கள். அப்படியென்றால் ஏ, பி எல்லாம் மற்றவர்கள் செல்லின் மேல் எங்கிருந்து வருகின்றன? ரத்தத்தில் மிதந்து வந்து ஒட்டிக்கொள்கின்றனவா? பிறகு எப்போதாவது மாறுமா?"

நான் நீலகிரியில் ஒரு ரத்த வங்கியில் 24 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். இந்தக் கேள்வியை ரத்தம் கொடுக்க வருபவர்கள் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவசர வேலைக்கு நடுவில் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது நேரம் இருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, "ஒன்றுமே இல்லை" என்பதை முதலில் அழித்துவிடுங்கள். உங்கள் சிவப்பணு ஒவ்வொன்றின் மேலும் சுமார் 17 லட்சம் இடங்களில் ஒரு ஆன்டிஜென், அதாவது ரத்த வகையைக் காட்டும் அடையாளப் பொருள், உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் எச். பள்ளியில் வெள்ளை ஓட்டில் உங்கள் ரத்தத்தை மூன்று சொட்டு வைத்திருப்பார்கள். ஒன்றில் ஏவைக் காட்டும் நீல நிற மருந்தான ஆன்டி ஏ, ஒன்றில் பியைக் காட்டும் மஞ்சள் நிற ஆன்டி பி, மூன்றாவதில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் நிறமில்லாத ஆன்டி டி. முதல் இரண்டும் கட்டாமல் மழமழவென்று நின்றிருக்கும், மூன்றாவது திரிந்த பால் மாதிரி கட்டியிருக்கும். அதனால்தான் ஓ பாசிட்டிவ். எச்சைப் பார்க்கும் மருந்தை அங்கே யாரும் விடவில்லை. விட்டிருந்தால் உங்கள் ரத்தம்தான் எல்லோரையும் விட நன்றாகக் கட்டியிருக்கும். 1901ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இந்த வகைகளைப் பிரித்துச் சொன்னபோது உங்கள் வகைக்கு சி என்றுதான் பெயர் வைத்தார். ஓ என்ற பெயர் பிறகு வந்தது. அந்த வட்டத்தைப் பூஜ்யம் என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

சரி, இவை எங்கே உருவாகின்றன? எலும்பு மஜ்ஜையில். அங்கே ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் தயாராகின்றன. நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. சுமார் 120 நாள் ஆக்சிஜன் சுமந்துவிட்டு அழிந்துபோகும். அந்த 120 நாளில் புதிதாக எதையும் செய்துகொள்ளும் வசதி அதனிடம் இல்லை. அதனால் மேலே இருக்க வேண்டியது எல்லாம், மஜ்ஜையில் உட்கருவோடு இளம் செல்லாக இருக்கும்போதே பொருத்தப்பட்டாக வேண்டும். செல்லுக்குள் கோல்கை என்று ஒரு பகுதி இருப்பதைப் படித்திருப்பீர்கள். வேலை நடப்பது அங்கேதான்.

ஏ, பி, எச் மூன்றும் சர்க்கரைகளால் ஆனவை. சுகர் டெஸ்டில் பார்க்கிறோமே, ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இவை செல்லின் உறையில் இருக்கும் புரதங்களிலும் கொழுப்புகளிலும் கிளைபோல நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் தொடர்கள். பெரும்பகுதி பேண்டு 3 என்ற புரதத்தின் மேல் இருக்கிறது. ஒரு செல்லில் அந்தப் புரதம் மட்டும் சுமார் 10 லட்சம் உண்டு. தொடரில் கேலக்டோஸ் ஒன்று, என்-அசிட்டைல் குளுக்கோசமைன் ஒன்று என்று மாறி மாறிக் கோத்திருக்கும். நுனியில் இருப்பது கேலக்டோஸ். ரத்த வகையைத் தீர்மானிக்கும் வேலை முழுவதும் இந்த நுனியில் நடக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நுனிக் கேலக்டோஸ்தான் காம்பு. முதலில் ஒரு நொதி வந்து அதன் ஒரு பக்கத்தில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டுகிறது. இப்படி ஃபியூகோஸ் ஒட்டிய நுனிதான் எச் ஆன்டிஜென். அந்த நொதியின் ஜீன் 19ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அடுத்து இரண்டாவது நொதி வரும். அதன் ஜீன் 9ஆவது குரோமோசோமில். ஏ வகைக்காரரிடம் அந்த நொதி, அதே கேலக்டோஸின் இன்னொரு பக்கத்தில் என்-அசிட்டைல் கேலக்டோசமைனை ஒட்டும். பி வகைக்காரரிடம் கேலக்டோஸை ஒட்டும். ஏபி வகைக்காரரிடம் இரண்டு நொதியும் உண்டு, சில நுனிகளில் ஏ, சில நுனிகளில் பி என்று ஒரே செல்லில் கலந்து நிற்கும். ஓ வகைக்காரரிடம் இரண்டாவது நொதி வேலை செய்யாது. எச் அப்படியே எச்சாக நிற்கும்.

இந்த வரிசை முக்கியம். ஃபியூகோஸ் இல்லாத வெறும் நுனியை ஏ நொதியும் பி நொதியும் தொடுவதில்லை. எச் இருந்தால்தான் ஏ, எச் இருந்தால்தான் பி. இதை மனதில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொன்று. ஏ ஆன்டிஜெனுக்கு என்று ஜீன் கிடையாது. ஜீனால் எழுத முடிந்தது புரதத்தை மட்டும்தான், சர்க்கரையை அதனால் எழுத முடியாது. அதனால் ஜீன் ஒரு நொதியை எழுதுகிறது, அந்த நொதி சர்க்கரையை ஒட்டுகிறது. பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது அந்த வேலையாளை உருவாக்கும் குறிப்பு. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 354 அமினோ அமிலங்களில் நான்கு. 1990ல் ஜப்பானிய அறிஞர் ஃபுமிச்சிரோ யமமோட்டோவும் குழுவினரும் இந்த ஜீனைப் படித்துச் சொன்னார்கள். ஒட்டப்படும் இரண்டு சர்க்கரைகளுக்கும் உள்ள வித்தியாசமும் மிகச் சிறியது, ஒரே ஒரு கார்பனில் தொங்கும் துணுக்கு மட்டும் வேறு. பி வகைக்காரருக்கு ஏ ரத்தத்தைத் தவறி ஏற்றினால் உயிரே போகலாம். அந்த ஆபத்து முழுவதும் இந்தத் துணுக்கில் இருக்கிறது என்பதை நான் படித்த நாளில் பயமும் பிரமிப்பும் சேர்ந்தே வந்தது. பையில் ஒட்டும் லேபிளை இரண்டு முறை படிக்கும் பழக்கம் அன்று வந்ததுதான்.

உங்கள் ஓ எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.வை செல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "மகன் தினம் பழம்" என்று மூன்றெழுத்துச் சொற்களை வைத்துக்கொள்வோம். முதல் சொல்லில் 'க' விழுந்துவிட்டது, ஆனால் மூன்று மூன்றாகத்தான் படிக்க வேண்டும் என்றால் "மன்தி னம்ப ழம்" என்று வரும். அதற்கப்புறம் எதுவும் பொருள் தராது. ஓ வகைக்காரர்களில் மிகப் பெரும்பாலோரிடம் நடந்திருப்பது இதுதான். அந்த ஜீனில் 261ஆம் இடத்தில் ஒரு எழுத்து விழுந்திருக்கிறது. படிப்பு தடம் மாறி, சீக்கிரமே முற்றுப்புள்ளி வந்து, நொதி பாதியில் நின்றுவிடுகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் அப்படி இருந்தால் ஓ.

மிதந்து வந்து ஒட்டுகிறதா என்று கேட்டீர்கள். சிவப்பணுவின் ஏ, பி, எச் பெரும்பாலும் அப்படி வருபவை இல்லை. ஆனால் லூயிஸ் என்ற இன்னொரு ரத்த வகை சரியாக நீங்கள் சொன்னபடியே வருகிறது. சிவப்பணு அதைச் செய்வதே இல்லை. குடல் போன்ற இடங்களில் உருவாகி, பிளாஸ்மாவில் மிதந்து வந்து, சிவப்பணுவின் உறையில் செருகிக்கொள்கிறது. பிறந்த குழந்தையின் சிவப்பணுவில் லூயிஸ் இருக்காது, போகப் போக வந்து சேரும். அதேபோல ஏ, பி, எச் பொருள்கள் சிவப்பணுவில் மட்டும் இருப்பவை என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு எச்சிலில்கூட உண்டு. லண்டனில் மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தச் சர்க்கரைகளின் அமைப்பைக் கண்டுபிடித்தது சிவப்பணுவை வைத்து இல்லை. பெண்களின் சினைப்பை நீர்க்கட்டியிலிருந்து எடுத்த திரவத்தில் இவை ஏராளமாகக் கரைந்திருந்தன, அதை வைத்துத்தான்.

மாறுமா? சாப்பாட்டால் மாறாது, வயதால் மாறாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சமவெளியிலிருந்து இங்கே வந்து தங்கினால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், வகை கூடாது குறையாது. பிறந்த குழந்தைக்கு மட்டும் ஒரு விஷயம் உண்டு. அதன் சர்க்கரைத் தொடர்கள் கிளை பிரியாமல் ஒற்றையாக இருக்கும், நுனிகள் குறைவு, அதனால் ஏ, பி பலவீனமாகக் கட்டும். இரண்டு மூன்று வயதுக்குள் கிளை விரிந்து பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடும். பிறந்த அன்று எழுதிய கார்டை வைத்துக்கொண்டு பெரியவனான பிறகு ரத்தம் ஏற்றக் கூடாது, திரும்பப் பார்க்க வேண்டும். வேறு சில நேரங்களிலும் மாறும். ரத்தப் புற்றுநோயில் ஏ மங்கிப்போகலாம். பெருங்குடல் நோய் உள்ள ஏ வகைக்காரர் சிலருக்கு, பாக்டீரியாவின் நொதி அந்த அசிட்டைல் துணுக்கைக் கத்தரித்துவிடுவதால் ஏ பார்ப்பதற்கு பி மாதிரி ஆகிவிடும், சோதனையில் ஏபி என்று ஏமாற்றும். எலும்பு மஜ்ஜை மாற்றினால் சிவப்பணுவின் வகை மஜ்ஜை கொடுத்தவருடையதாக நிரந்தரமாக மாறிவிடும். சிவப்பணு எங்கே செய்யப்படுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

உங்கள் கார்டில் இருக்கும் பாசிட்டிவ் வேறு கதை. அது ஆர்எச் வகையின் டி. இங்கே சர்க்கரைக்கு வேலையில்லை, ஆன்டிஜெனே புரதம்தான், ஜீன் அதை நேரடியாக எழுதுகிறது. உறைக்குள் பன்னிரண்டு முறை நுழைந்து வெளியே வந்து தையல் போட்டது போல நிற்கும் புரதம் அது. நெகட்டிவ் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் அந்த ஜீன் முழுதாகவே இல்லை. நம் நாட்டில் 100 பேரில் ஏறத்தாழ 5 பேர்தான் நெகட்டிவ். ஏ, பியில் தன்னிடம் எது இல்லையோ அதற்கு எதிரான எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலேயே தானாக வந்துவிடுகிறது, ஏனென்றால் குடல் பாக்டீரியாக்களின் மேலும் இதே மாதிரிச் சர்க்கரைகள் உண்டு. டிக்கு அப்படித் தானாக வராது. நெகட்டிவ் உள்ளவருக்குப் பாசிட்டிவ் ரத்தம் ஏறினாலோ, பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்தாலோதான் வரும். நெகட்டிவ் தாய்மார்களுக்கு ஆன்டி டி ஊசி போடுவது அது வராமல் தடுக்கத்தான்.

டஃபி என்று இன்னொரு புரத ஆன்டிஜென் இருக்கிறது. அதை இங்கே சொல்ல நம் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. 1950ல் அதை முதலில் விவரித்த குழுவில் மேரி கட்புஷ் என்ற பெண் இருந்தார். 1952ல் அவரும் லேமன் என்ற மருத்துவரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்துத்தான், சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறையான அரிவாள் செல் தன்மை இந்தியாவில் இருப்பதைப் பதிவு செய்தார்கள். கூடவே ரத்த வகைகளையும் பார்த்தார்கள். டஃபி புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் விவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் பெரும்பாலோரின் சிவப்பணுவில் டஃபி கிடையாது. ஜீனின் உள்ளடக்கத்தில் குறை இல்லை, சிவப்பணுவுக்கான சுவிட்சில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் உடம்பின் மற்ற இடங்களில் அந்தப் புரதம் உருவாகும், சிவப்பணுவில் மட்டும் உருவாகாது. கூடலூர், பந்தலூர் பக்கம் அரிவாள் செல் நோயோடு வாழும் பழங்குடி மக்களில் சிலருக்கு வாழ்க்கையில் பலமுறை ரத்தம் தேவைப்படும். அவர்களுக்கு ஏ, பி, டி மட்டும் பொருத்திக் கொடுத்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. டஃபி, கெல், கிட் போன்ற மற்ற ரத்த வகைகளையும் முதல் பைக்கு முன்பே பார்த்து எழுதிவைத்தால், எதிர்ப்பொருள்கள் சேர்ந்துபோய்ப் பொருந்தும் பத்தாவது பை கிடைக்காமல் தவிக்கும் நிலை பலருக்கு வராது.

இப்போது எச்சுக்குத் திரும்புவோம். எச்சைக் காட்டும் மருந்து எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஊட்டியைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் மஞ்சள் பூப் பூக்கும், இலையெல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு புதரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்த கார்ஸ் செடி. யூலெக்ஸ் யூரோப்பியஸ் என்பது தாவரவியல் பெயர். அதன் விதையில் உள்ள லெக்டின் என்ற புரதம் நுனியில் இருக்கும் அந்த ஃபியூகோஸை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். ஓ வகைச் செல்கள் உடனே கட்டும். ஏபி வகையில் எச் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்டதால் லேசாகத்தான் கட்டும். நம் புல்வெளிகளை மூடிக் கெடுக்கும் செடிதான், அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உலகம் முழுவதும் ரத்த வங்கிகளில் ஆன்டி எச் என்று சிறு குப்பியில் இருப்பது இதன் விதைச் சாறு.

கொள்ளுப் பயறும் இப்படித்தான். 1951ல் பேர்ட் என்பவர் நம் நாட்டின் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார், கொள்ளின் சாறு ஏ வகைச் செல்களைக் கட்டவைக்கிறது என்று. சரியான அளவில் நீர்த்தால் ஏ1 மட்டும் கட்டும், ஏ2 கட்டாது. ஏ2 என்பது ஏ நொதி கொஞ்சம் சோம்பலாக வேலை செய்யும் வகை. ஏ1 செல்லில் 8 முதல் 12 லட்சம் வரை ஏ இருந்தால் ஏ2வில் சுமார் இரண்டரை லட்சம்தான் இருக்கும். கொள்ளு ரசம் குடித்தால் ரத்தம் கட்டுமா என்று ஒரு பாட்டி கவலையோடு கேட்டார். வேகவைத்துச் சாப்பிடுவதற்குப் பயமே வேண்டாம்.

கார்ஸ் விதைச் சாற்றை நான் மறக்க முடியாத ஒரு இரவு உண்டு. சிசேரியனுக்கு வந்த ஒரு பெண். கையில் பழைய கார்டு, ஓ பாசிட்டிவ். நானும் ஓட்டில் பார்த்தேன், ஓ பாசிட்டிவ்தான். கிராஸ் மேட்ச்சுக்கு, அதாவது பையில் உள்ள செல்லை அவர் சீரத்தோடு (ரத்தத்தில் செல்கள் நீங்கிய தெளிந்த நீர்) சேர்த்துப் பார்க்க, ஒரு ஓ பையை எடுத்தேன். கட்டியது. அடுத்த பை, அதுவும் கட்டியது. ஃபிரிட்ஜில் இருந்த ஓ பைகள் அத்தனையும் அவர் சீரத்தோடு சேர்ந்ததும் கெட்டியாகக் கட்டின. அவருடைய சொந்தச் செல்லை அவர் சீரத்திலேயே போட்டபோது மட்டும் கட்டவில்லை. அப்போதுதான் ஆன்டி எச் குப்பியை எடுத்தேன். ஓ என்றால் பளிச்சென்று கட்ட வேண்டும். ஓட்டை எவ்வளவு ஆட்டியும் சொட்டு மழமழவென்று அப்படியே இருந்தது.

அவரிடம் எச்சே இல்லை. இதற்கு பாம்பே வகை என்று பெயர். 1952ல் பம்பாயில் டாக்டர் பெண்டேவும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்தது. நம் நாட்டில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். ஃபியூகோஸை ஒட்டும் முதல் நொதி இரண்டு பிரதியிலும் கெட்டுப்போனவர்கள் இவர்கள். எச் இல்லாததால் ஏ, பி எதுவும் உட்கார முடியாது, ஓட்டில் ஓ மாதிரியே தெரியும். ஆனால் அவர்கள் உடம்பு எச்சைப் பார்த்ததே இல்லை என்பதால் ஏ, பிக்கு எதிராக இருப்பது போல எச்சுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் இருக்கும். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லப்படும் ஓ ரத்தத்தில்தான் எச் அதிகம். அவர்களுக்கு அதை ஏற்றினால் ஆபத்து. "ஓ என்றால் ஒன்றுமில்லை" என்ற பேச்சை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். கிராஸ் மேட்ச் பார்க்க அரைமணி நேரம் கேட்டால் கோபப்படும் உறவினர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.

இந்த வகை உள்ளவரின் கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவருக்கு மூன்று பேர். விடிவதற்குள் கீழே இருந்து அண்ணன் ஜீப்பில் ஏறி வந்துவிட்டார். அவர் ரத்தமும் கார்ஸ் சாற்றில் கட்டவில்லை. எல்லாப் பரிசோதனையும் முடித்து அவரிடம் எடுத்த ஒரு பையைத் தங்கைக்குக் கொடுத்தோம்.

குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் வகை பார்த்தால் பி பாசிட்டிவ். கணவர் ஓ. மாமியார் அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். என்ன கேட்க வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவரை உட்காரவைத்து, ஒரு தாளில் காம்பும் இலையும் மொட்டும் வரைந்து காட்டினேன். "அம்மா, உங்க மருமகளுக்கு பி நொதி நல்லாவே இருக்கு. அது போய் ஒட்ட இடம்தான் இல்லை. பேரனுக்கு அந்த இடத்தை உங்க மகன் கொடுத்திருக்கார், பியை மருமக கொடுத்திருக்கா." தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மருமகளின் கார்டில் ஓ பாசிட்டிவ் என்பதைச் சிவப்பு மையில் அடித்து, பாம்பே வகை என்று எழுதினேன். அப்போது டியூட்டியில் இருந்த டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்கும் அதேபோல ஒரு கார்டு எழுதி, ஃபோன் நம்பரை வங்கிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் குறித்துவைத்தோம்.